ஆகாயத்துச் சாவுக்கு வெள்ளைக்கொடி

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் யாராவது செத்துப்போனால் முதலில் அழுவது வீட்டுக்காரர்கள், முதலில் ஓடுவது கறுப்பையா. மேமலை டிவிசன் மரணாதார சங்கத்தின் தலைவர் அவர். மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காருகிற தலைவர் இல்லை. வெள்ளைக்கொடியை எந்த வளைவில் கட்டுவது, தப்பு அடிக்க யாரைக் கூப்பிடுவது, கேதம் சொல்ல எந்த பஸ்ஸில் யாரை ஏற்றிவிடுவது, கண்டியிலிருந்து பெட்டி வந்து சேருவதற்குள் எத்தனை கேத்தல் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாவு வீட்டு வாசலில் எவனாவது பல்லைக் காட்டினால் அவர் பார்க்கிற ஒரு பார்வையில் அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும். "கறுப்பையாண்ணன் கையால போகணும்னா குடுத்து வெச்சிருக்கணும்" என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்லுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அப்பேர்ப்பட்ட மனுசனே என்ன செய்வதென்று தெரியாமல் முழித்த சாவு ஒன்று வந்தது. அது லயத்தில் நடக்கவில்லை, தோட்டத்திலும் நடக்கவில்லை. நேராக ஆகாயத்தில் நடந்தது.

2003ஆம் வருசம், பெப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை. கறுப்பையாவின் ஒரே மகள் யோகராணி கண்டியில் விடுதியில் தங்கி உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள். மேமலையிலிருந்து கணிதம் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். சுதந்திர தினத்தோடு சேர்த்து நாலு நாள் லீவு கிடைத்ததென்று வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் வாயில் ஒரே பேச்சுத்தான்: கல்பனா. இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், விண்வெளி ஓடத்தில் ஏறிப் பறக்கிற அந்தப் பெண்ணின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, பொங்கலுக்கு வந்தபோதே அவர்கள் குடியிருக்கிற காம்பராச் சுவரில் ஒட்டியிருந்தாள். செம்மஞ்சள் உடுப்பு, முகம் நிறையச் சிரிப்பு. லயத்துப் பெண்கள் வந்து வந்து பார்த்து அந்தப் படத்துக்கு ஒரு முறையும் வைத்துவிட்டார்கள். "நம்ம யோகா புள்ளையோட அக்கா" என்றார்கள்.

அன்று இரவு ஓடம் தரையிறங்குகிறது, செய்தியில் காட்டுவார்கள் என்று யோகராணி சொன்னதை நம்பி, சங்கத்துச் செயலாளர் ராஜலிங்கம் வீட்டு டீவிக்கு முன்னால் பாதி லயம் குந்தியிருந்தது. காட்டினார்கள். நீல வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று வந்தது. அது இரண்டானது, பிறகு நாலைந்தானது. மத்தாப்பு என்று நினைத்து ஒரு சின்னப்பிள்ளை கை தட்டியது. யோகராணி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். தரையைத் தொடக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஓடம் சிதறிவிட்டது, உள்ளே இருந்த ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று செய்தி வாசித்தவர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அழகம்மா தலையில் கை வைத்துக்கொண்டு "அடி எங்காத்தே!" என்று ஒரு குரல் எடுத்தாள். மேமலையில் ஒப்பாரிக்கு அழகம்மாவை விட்டால் ஆளில்லை. அந்தக் குரலோடு ராஜலிங்கத்தின் வீடு சாவு வீடாகிவிட்டது.

கறுப்பையாவும் அங்கேதான் இருந்தார். அவர் அழவில்லை. மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்தபடி நின்றாள், கன்னத்தில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே அவர் முடிவு செய்துவிட்டார், இந்தப் பிள்ளையை இனிமேல் கண்டிக்கு அனுப்புவதில்லை என்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வீரம்மாவிடம் அதைச் சொன்னார்.

"படிச்சது போதும். இங்கயே இருக்கட்டும். தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லி புள்ளக்காம்பராவுல கொழந்தைங்களப் பாத்துக்கிற வேல ஒண்ணு வாங்கிக் குடுக்கிறேன்."

"ஏங்க, அந்தப் புள்ள ஆகாசத்துல போச்சு. நம்ம புள்ள கலஹா, பேராதனை வழியா பஸ்ஸுல போகுது. ரெண்டும் ஒண்ணா?"

"தூரம்னா தூரந்தான்."

"கண்டிக்கும் ஆகாசத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு என்னையக் கட்டி வெச்சாங்களே எங்கப்பன்" என்றாள் வீரம்மா. அவள் வாய் அப்படி. ஆனால் கறுப்பையாவின் முகத்தைப் பார்த்ததும் மேலே பேசவில்லை. மகளை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பிடித்தவர்கள்தான் காலைக் கட்டிப் போடுகிறார்கள், என்ன செய்வது!

விசயம் அவசர விசயம். புதன்கிழமை காலை மணியடிக்கும்போது யோகராணி விடுதியில் இருந்தாக வேண்டும். லீவுக்கு வீட்டுக்குப் போய் அப்படியே நின்றுவிட்ட பிள்ளைகளால் சலித்துப்போன விடுதி ஆசிரியை, வராத பிள்ளையின் கட்டிலைக் காத்திருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். கட்டில் போனால் கண்டி போச்சு. தினம் போய் வருகிற தூரமா அது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகம்மா தலைமையில் ஒரு கூட்டம் கறுப்பையாவின் வீட்டு முன்புறத்து இஸ்தோப்புக்கு வந்து நின்றது.

"தலைவரே, நம்ம புள்ள செத்துப் போயிருக்கு. ஒரு கொடி இல்ல, ஒரு தப்பு இல்ல. இப்பிடியா வுடறது?"

"யாரு நம்ம புள்ள? அது நம்ம சங்கத்துல சேந்திருந்துச்சா?"

"அது எப்பிடிங்க சேரும்? மேல இருந்து கையெழுத்துப் போட்டு வீசுமா?"

கூட்டத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சாவுப் பேச்சு என்பதால் அடக்கிக்கொண்டார்கள்.

"பொணம் எங்க இருக்கு? எழவு வீடு எது? யார் கையப் புடிச்சித் துக்கம் கேக்கிறது? மொறன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் கறுப்பையா.

"வீடு இதுதான்" என்றாள் அழகம்மா. "படம் எந்தச் செவுத்துல இருக்கோ அதுதான் வீடு. அக்கா தங்கச்சியா இருந்தது ஒங்க மகதானே?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்த கறுப்பையா அப்படியே நிறுத்திக்கொண்டார். அவர் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. துக்க வீட்டு ஆட்கள் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை வெளியூர் போய்த் தங்கக்கூடாது என்பது சங்கத்துச் சட்டம். தகப்பன் செத்த மூன்றாம் நாளே கொழும்புக்கு ஓடிப்போன ஒரு மகனால் வந்த வினை அது, கொண்டுவந்தவரும் கறுப்பையாதான். இந்த வீடு துக்க வீடு என்றால் புதன்கிழமை யோகராணி எப்படிப் போவாள்? மகளிடம் "போகாதே" என்று சொல்லி அவள் அழுவதைப் பார்க்க வேண்டியதில்லை. சட்டம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"சரி" என்றார்.

அவர் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி யாரும் கண்டதில்லை. "ஆனா எல்லாம் சட்டப்படி நடக்கும். பதினாறு முடியிறவரைக்கும் இந்த வூட்டு ஆள் யாரும் வெளியூர் போய்த் தங்க ஏலாது" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து வீரம்மா எட்டிப் பார்த்தாள். இருபது வருசம் அந்த மனுசனோடு குப்பை கொட்டியவள், அவளுக்கா புரியாது? யோகராணிக்கும் புரிந்தது. "அப்பா, புதன்கெழம நான் போகாட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"துக்க வூட்டுல சத்தம் போடக்கூடாது" என்றார் கறுப்பையா.

வேலை மளமளவென்று நடந்தது. இஸ்தோப்புக்கு முன்னால் நிழலுக்குப் படங்கு கட்டினார்கள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி ஒரு கதிரையில் சாய்த்து வைத்துச் செவ்வந்தி மாலை போட்டார்கள். கல்பனாவுக்கு ஒரு கொடி என்றுதான் முதலில் பேச்சு. "மத்த ஆறு பேரையும் பெத்தவங்க இல்லியா?" என்று வீரம்மா கேட்டாள். ஏழு கொடி ஆனது. கடை வாசல்களில் சுதந்திர தினத்துக்குச் சிங்கக்கொடி ஏறியிருந்த வாரம் அது. தெல்தோட்டை ரோட்டிலிருந்து மேமலைக்குத் திரும்புகிற முடக்கிலிருந்து லயம் வரைக்கும் ஏழு வெள்ளைக்கொடிகள் ஆடத் தொடங்கின.

கறுப்பையா பழக்க தோசத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ராஜலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க எங்க போறீங்க? நீங்க எழவு வூட்டுக்காரர். உக்காருங்க. நாங்க பாத்துக்கிறோம்."

அதை அவர் யோசித்திருக்கவில்லை. இத்தனை வருசமும் எத்தனையோ பேரைத் தோளைப் பிடித்து, எழவு வீட்டுக்காரருக்கென்று போடுகிற வாங்குப் பலகையில் உட்கார வைத்தவர், அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதலில் வந்தவர் ஹுஸைன் நாநா. தெல்தோட்டை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். கொடித்துணி வாங்கப் போனவர்கள் விசயத்தைச் சொல்ல, கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கறுப்பையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ராவு செய்தி பாத்த நேரத்தில ஈந்து மனசே சரியில்ல கறுப்பையா. எங்கட வூட்டுப் பொம்பளயளும் அழுத. அந்தப் புள்ள எனத்தப் படிச்சீந்த?"

துக்கம் கேட்டால் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். செத்தவர் எப்படி இருந்தார், என்ன செய்தார், எதில் கெட்டிக்காரர், எல்லாவற்றையும் வந்தவர் கேட்பார், இருப்பவர் சொல்லுவார். அதுதான் மலையில் முறை. கறுப்பையாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே சுவருக்குள் அந்தப் படத்தோடு மூன்று வாரம் இருந்தவர், ஒரு நாளும் கேட்டதில்லை.

"யோகா" என்று கூப்பிட்டார். அழுது வீங்கின முகத்தோடு வந்த மகள், விமானம் செய்கிற பொறியியல் என்றாள். கல்பனா படித்த வகுப்பில் வேறு பெண்களே இல்லை என்றாள். பிறந்தது பெரிய பட்டணமெல்லாம் இல்லை, வட இந்தியாவில் ஒரு சின்ன ஊர் என்றாள். கறுப்பையா ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக நாநாவிடம் திருப்பிச் சொன்னார்.

அடுத்து வந்தவர்களிடம் மகளைக் கூப்பிடாமலே பாதி சொன்னார். அதற்கடுத்து வந்தவர்களிடம் முழுதாகச் சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு கண்டி பஸ் முடக்கில் நின்றுவிட்டது. கொடிகளைப் பார்த்த சிங்களக் கொண்டக்டர் "யாரு செத்தது?" என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் பஸ்ஸுக்குள் ஒரே பேச்சாகி, டிரைவரும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர் இறங்கி வந்துவிட்டார்கள். சிங்களப் பெண் ஒருத்தி, வீட்டுக்கு வாங்கிப்போன சீனிப் பொட்டலத்தை அப்படியே வீரம்மாவின் கையில் வைத்து, "அநே, நமக்கும் மகள் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்தவள் இந்த வீட்டுப் பெண் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் யாருக்காவது கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது, ஊர் உலகத்தில் வேறு எந்த வீட்டுக்கு அவர்கள் போவார்கள்?

சொல்லச் சொல்லக் கறுப்பையாவின் கதைக்குக் கால் முளைத்தது. திங்கட்கிழமை பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்களிடம், ஓடம் தேயிலை ஃபெக்டரி உயரம் என்றார். நிலாவைச் சுற்றிக்கொண்டு வந்தது என்றார்.

"நெலாவுக்குப் போகலப்பா. பூமியத்தான் சுத்துனாங்க" என்றாள் யோகராணி, உள்ளேயிருந்து.

"சரி, பூமியத்தான். அது மட்டும் லேசா?" என்றார் கறுப்பையா.

சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்துகொண்டதை வீரம்மா கவனித்தாள். பெற்ற மகளைப் பற்றிப் பேசுகிற தகப்பன் குரலல்லவா இது என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் மனுசன் முறுக்கிக்கொள்வார்.

அன்று பொழுது சாய்வதற்கு முன் ஹுஸைன் நாநா மறுபடியும் வந்தார். வீட்டில் செய்த சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார். பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார்.

"அந்தப் புள்ள முந்தி ஒருக்காப் போய் சொகமா திரும்பி வந்தீக்கி, இல்லயா? அதோட நிப்பாட்டி ஈந்தா இண்டைக்கு உசிரோட ஈந்தீக்கும்தானே?"

கறுப்பையாவின் மனதில் சனிக்கிழமையிலிருந்து கிடக்கிற கேள்வி அதுதான். "அதத்தான் நாநா நானும் சொல்றேன், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாங்கில் உட்கார்ந்திருக்கிற எழவு வீட்டுக்காரர் செத்த பிள்ளையைக் குறை சொல்லலாமா? முறை இடம் கொடுக்காது. வாய் தானாகப் பேசியது.

"எப்பிடி நாநா நிப்பாட்டும்? ஒருக்கா மேல போயி இந்த ஒலகத்தையே பாத்த புள்ள. கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருன்னு சொன்னா அதோட மனசு கேக்குமா? சாகறதுக்கா போச்சு? ஆசப்பட்டுல்ல போச்சு."

சொன்னபிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. உள்ளே யோகராணி எழுதிக்கொண்டிருந்த பென்சில் சத்தம் நின்றது. நாநா தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. படத்துக்கு முன்னால் அழகம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "வானம் பாக்கப் போனவளே, வாசல் வந்து சேரலியே" என்று அவள் எடுக்கிறபோது ஆண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "அங்கம்மாவப் பத்தி இப்பிடி யாராச்சும் ஒங்ககிட்ட கேட்டாங்களா?"

கறுப்பையா எழுந்து போகப் பார்த்து, மறுபடியும் வாங்கில் உட்கார்ந்தார்.

அங்கம்மா அவருடைய தங்கச்சி. இப்போது யோகராணிக்கு இருக்கிற வயதில் கொழும்பில் ஒரு பங்களாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இரண்டாம் வருசம் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். ஆணியடித்த பெட்டி ஒரு லொறியில் வந்து இறங்கியது. என்ன காய்ச்சலோ என்று பயந்து லயத்தில் ஒருவரும் கிட்டே வரவில்லை. கொடி இல்லை, தப்பு இல்லை. கறுப்பையாவும் தகப்பனாரும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இனி எந்த வீட்டுக்கும் இப்படி ஆகக்கூடாது என்றுதான் அவர் பிற்பாடு சங்கத்தையே தொடங்கினார். அங்கம்மாவை நினைத்தால் அவருக்கு அந்தப் பெட்டிதான் தெரியும். முகம் தெரியாது.

"நான் வரல" என்றாள் அழகம்மா. "என்னோட கூட்டாளி அவ. எங்கம்மா உள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. இப்பக் கேக்கிறேன். சொல்லுங்கண்ணே. அங்கம்மா கொழும்புல எப்பிடி இருந்தா?"

எங்கேயிருந்தோ அவருக்கு ஒரு செருப்பு ஞாபகம் வந்தது.

"கடல் பாக்கணும்னு கெடந்தா" என்றார். "ஒனக்குத்தான் தெரியுமே. சின்னதுல இருந்து அதே பேச்சு. கொழும்புக்குப் போறேன்னு அவதான் அடம்புடிச்சா, அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. மொத வருசம் தீவாளிக்கு வந்தாள்ல, அப்ப ஒத்தக் கால்ல செருப்பு இல்ல. என்னாடின்னு கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கிறா. அல வந்து கழட்டிக்கிட்டுப் போயிருச்சாம். மிச்ச ஒண்ணையும் தூக்கி வீசாம அப்பிடியே போட்டுக்கிட்டு வந்திருக்கா, எங்களுக்குக் காட்டணும்னு. அன்னைக்கு ராவு பூரா கடல்தான். அல இவ்வளவு ஒசரம், தண்ணி இப்பிடி உப்பு..."

அவர் கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கை அப்படியே முகத்துக்குப் போனது. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் எல்லார் வீட்டுச் சாவிலும் நெஞ்சு நிமிர்த்தி நின்ற கறுப்பையா, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அழகம்மா தடுக்கவில்லை. வீரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள். துக்கம்தான், ஆனால் அந்தத் துக்கத்துக்குள் தங்கச்சி சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"அவ சாகவா போனா?" என்றார். "கடல் பாக்கல்ல போனா. பாத்துட்டா புள்ள."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கறுப்பையா முகம் கழுவிவிட்டு மகளிடம் போய் நின்றார். அவள் தரையில் குப்புறப்படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் போகப்போகிறது என்று தெரிந்தும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குப் பயமா இல்லியா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "பயமாத்தாம்பா இருக்கு. அன்னைக்கு ராவு தூங்கவே இல்ல."

"அப்புறம் எதுக்குப் படிக்கிற?"

"ஏன் ஒடஞ்சிச்சுன்னு யாராச்சும் கணக்குப் போட்டுக் கண்டுபுடிக்கணுமேப்பா. அப்பத்தானே அடுத்தது பத்திரமா எறங்கும்."

கறுப்பையா அவளை உற்றுப் பார்த்தார். இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளையைத் தான் வளர்த்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ராஜலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"ராஜலிங்கம், இன்னைக்கே கருமாதி. வடைக்கு உளுந்து போடச் சொல்லு. எல்லாருக்கும் சாப்பாடு."

ராஜலிங்கம் வாயைப் பிளந்தார். "கொடி கட்டி இன்னைக்கு மூணாம் நாள் தலைவரே. பதினாறு வேணும்ல? சட்டம் இருக்கே. நீங்க போட்ட சட்டம்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. வீரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இப்போது என்ன சொல்லித் தப்பிக்கப் போகிறாய் என்பதுபோல நின்றாள். கறுப்பையா கதிரையில் இருந்த படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகின கதை கைகொடுத்தது.

"அந்தப் புள்ள மேல எத்தன நாள் இருந்துச்சு? யோகா, நீயே சொல்லு."

"பதினாறு நாள்ப்பா."

"கேட்டியா? பதினாறையும் அது மேலயே கழிச்சிருச்சு. இனி நாம எதுக்குக் கீழ ஒக்காந்து எண்ணணும்? சட்டம் சரியாத்தான் இருக்கு."

அழகம்மா கட்டின குரலோடு சிரித்தாள். சாவு வீட்டில் சிரிக்கிறாளே என்று எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன, உளுந்து ஊறியது, அடுப்பு மூண்டது. ஹுஸைன் நாநாவுக்கு ஆள் போனது. திரும்பிப் போகிற கண்டி பஸ்ஸை நிறுத்தி, டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் வாழையிலையில் வடை கட்டிக் கொடுத்தார்கள். பின்னேரம் தப்பு ஒரு முறை அடித்து ஓய்ந்தது. ஏழு கொடியையும் கறுப்பையாவே போய் அவிழ்த்துக்கொண்டு வந்தார். படம் பழையபடி சுவருக்குப் போனது.

புதன்கிழமை காலை முதல் பஸ் வருவதற்குள் மூவரும் முடக்கில் நின்றார்கள். பனி மூட்டம். யோகராணி பையைத் தோளில் மாட்டியிருந்தாள், சாப்பாட்டுப் பொட்டலம் வீரம்மாவின் கையில் இருந்தது. பஸ் வந்து நின்றது. யோகராணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தகப்பனை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறிவிட்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. அவள் முறை தெரிந்த பிள்ளை, மரணாதார சங்கத் தலைவரின் மகள் வேறு. கொண்டக்டர் மணியை அடித்தார். பஸ் நகர்ந்தது.

"ஏய், நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டு கறுப்பையா பஸ்ஸின் பக்கவாட்டைப் பட்டென்று தட்டினார். டிரைவர் பயந்துபோய் பிரேக் பிடித்தார். யன்னலுக்கு வெளியே யோகராணியின் தலை வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்பா மனம் மாறிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வீரம்மாவும் அதைத்தான் நினைத்தாள்.

"என்னாப்பா?"

"என்னா, பேசாமப் போற? நம்ம வூடு எழவு வூடா? நேத்தோட எல்லாம் முடிஞ்சிருச்சில்ல? ஒழுங்கா சொல்லிட்டுப் போ."

யோகராணி அவரையே பார்த்தாள். கண் நிறைந்து, மூக்கு சிவந்து, அப்புறம் பல் தெரியச் சிரித்தாள்.

"போயிட்டு வர்றேம்பா."

"சத்தமாச் சொல்லு, கேக்கல."

"போயிட்டு வர்றேன்!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"ஆ, போ" என்றார் கறுப்பையா. "எவ்வளவு தூரம் போகணுமோ போ. போயிட்டு வா."